அரைப்பேர்

மாதத்தில் ஒரு புதன்கிழமை
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
கையை நீலச் சட்டையில் துடைத்தால்
நான் மொழிபெயர்ப்பாளர்.

கண்டியிலிருந்து தில்ருக்ஷி மிஸ் வருவா.
பதினொரு பிள்ளைகள், ஒரு மேசை.
டிக்கோயா மூட்டம்
மூட முடியாத ஜன்னலால் வந்து
எங்களோடு உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கு நாலாவது துண்டு
லதுர்ஷன், வயதும் நாலு.
தாய் சத்தியவாணி. காலை பஸ் வராததில்
முழுப்பேர் போய்விட்டது.
பன்னிரண்டுக்குள் மலை ஏறினால்
அரைப்பேராவது போடுவார்கள் என்று
கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா?
முதல் கேள்வி.
மிஸ் கூப்பிட்டா. தாய் கூப்பிட்டாள்.
யாரும் சொல்லாமலே நானும் ஒருதரம் கூப்பிட்டேன்.
அவன் கதிரைக்காலின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
தாளில் சைபர்.
அம்மாவுக்கும் மகனுக்கும்
இன்றைக்குப் பேர் இல்லை.

பிறகு படங்கள்.
கப்பல். பனியில் செய்த மனுசன். பியானோ.
பியானோவைப் பார்த்துவிட்டு
சத்தியவாணி என்னைப் பார்த்தாள்.
நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.
மிஸ் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டா.
நல்ல மனுசி.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்க.
அவன் ஆறு கட்டையையும்
இடைவெளி விடாமல் ஒரே வரிசையில் வைத்தான்,
சுவரோடு சுவர் ஒட்டி.
அது என்னவென்று எனக்குத் தெரியும்.
தெரியும் என்று நினைத்தேனோ என்னவோ.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் வேலை.

பதினேழாவது கேள்விக்கு எனக்குத் தமிழ் வரவில்லை:
அடுத்தவர் கையை
ஒரு சாமானைப் போல் எடுத்துப் பாவிக்கிறானா?
அப்படியே கேட்டால் நோகும்.
"தண்ணி வேணும்னா ஒங்க கையப் புடிச்சு இழுப்பானா?"

அப்போதுதான் அவள் கண் கதவை விட்டது.

"பீலி வரைக்கும் இழுப்பான்.
என் கையத் தண்ணிக்குள்ள வச்சுட்டு
என் மூஞ்சியப் பார்ப்பான்.
அதுதானே அவன் பேச்சு.
மத்தவங்க கையத் தொடமாட்டான்.
நான் மலையில நிக்கிற நேரம்
புள்ளக்காம்பராவுல கேக்காமலே இருந்திருப்பான் போல,
வந்து பார்த்தா ஒதடு காஞ்சு கெடக்கும்."

இத்தனையையும் கேட்டுவிட்டு
மிஸ்ஸிடம் "ஓவ்" என்றேன்.
ஒரு சரி விழுந்தது.

பேனையை மூடும் சத்தம்.
இல்லை மிஸ், இன்னும் இருக்கு.
என் சிங்களம் கடையில் படித்த சிங்களம்,
பருப்பு, மாவு, மிச்சக் காசு வரைக்கும்தான் வரும்.
காய்ந்த உதட்டுக்கு என் உதட்டைத் தொட்டேன்.
பீலிக்குக் கையைக் குவித்தேன்.
இழுப்பதற்கு
மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்தே இழுத்துவிட்டேன்.
ஆஸ்பத்திரியில் ஒரு தொழிலாளி அப்படிச் செய்யக்கூடாது.

மிஸ் கையை எடுக்கவில்லை.
தாளைத் திருப்பி
கட்டம் போடாத பின்பக்கத்தில்
நெடுநேரம் எழுதினா.

அடுத்த துண்டு தை மாதத்துக்கு.
அதுவரை வீட்டில் என்ன செய்ய?
ஒரு வார்த்தை சொல்லுங்க,
சொல்லிவிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுங்க, காத்திருங்க.
இதைத் தமிழாக்குவது சுலபம்.
"பத்தா?" என்றாள் சத்தியவாணி,
சேலைத் தலைப்பால் அவன் காதை மூடியபடி.
பதினொன்று இருபத்தைந்து.
படியில் ஓடினார்கள்.

அரைப்பேர் கிடைத்ததா, தெரியாது.

கட்டைகளைப் பெட்டியில் அள்ளிப் போடுவதும் நான்தான்.
ஐந்தாவது பிள்ளை கதவுக்கு வரும்வரை
மேசையின் மற்றப் பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.