நான்காவது தோட்டா

உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால்
மறைந்துவிடும் அளவுதான்.
ஓலோமௌட்ஸ் ஏலக் கடையிலிருந்து திரும்பும்போது
பையில் அதைவிடக் கனத்தவை
அதன் உரிமத் தாள்கள்.

ஞாயிறு காலை. கைவிட்ட கல் குவாரி.
பனி உருகிச் சேறு.
காதுமூடிக்கு மேல் கம்பளித் தொப்பியோடு
மேற்பார்வைக்கு வ்ராதிஸ்லாவ்,
ரயில் சிக்னலில் முப்பது வருடம் இருந்தவர்.
"இதால் சுட்டால் காட்டுப்பன்றிக்குக்
கோபம்தான் வரும்" என்றார்.

பத்து மீட்டரில் காகித வட்டம்.
முதலாவது: வெடி என்று சொல்ல முடியாது,
யாரோ தடித்த புத்தகத்தைப் படாரென்று மூடிய சத்தம்.
காலி உறை எகிறி
என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்து சுட்டது.
இரண்டாவது: வட்டத்துக்கு வெளியே, இடது கீழே.
மூன்றாவது: பின்னால் பாய்ந்த மேல்மூடி
கட்டைவிரலின் அடித்தோலில்
இரண்டு சிவப்புக் கோடு இழுத்தது.
என் கை பெரிது. அது எனக்காகச் செய்ததல்ல.
நான்காவது
செம்பு மூக்கை நிமிர்த்திக்கொண்டு
நிலைப்படியில் தலை இடித்த விருந்தாளியாக
உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல்.

குழலை மண்மேட்டுக்கு நேரே பிடித்தபடி
மேகசினை உருவினேன், சிக்கியதை எடுத்தேன்.
மறுபடி ஆறு போட்டேன்.
மறுபடி நான்காவது.
"தூக்கி எறி அந்த மேகசினை."
எறியலாம்.
வேறொன்று இப்போது யார் செய்கிறார்கள்?

இரவு, என் வேலை மேஜை.
பகலெல்லாம் இங்கே
முகம் பார்த்திராதவர்களுக்குப் பல் செய்கிறேன்.
அதே விளக்கு, அதே உருப்பெருக்கிக் கண்ணாடி.
அறை காலி என்று மூன்று தரம் பார்த்துவிட்டுக்
கழற்றினேன்.
ஸ்பிரிங் துள்ளி ஓடியது.
அரை மணி தேடலுக்குப் பின் கிடைத்த இடம்:
திருமதி ஹுதெச்கோவாவின் பிளாஸ்டர் தாடையில்,
இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே,
கீரை நார் மாதிரி.

டூத் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தேன்.
குழலுக்குள் துணி விட்டு இழுத்தேன்,
கறுப்பு, சாம்பல், கடைசியில் வெள்ளை.
பிறகு மேகசினின் உதட்டைக்
கண்ணாடிக்கு அடியில் பிடித்தேன்.

வெடித்த உதடு. எப்போதோ ஒட்டியிருக்கிறார்கள்.
துப்பாக்கிக் கடைக்காரன் ஒட்டியதில்லை இது.
பல்வரிசைக்குப் பாலம் கட்டும் வெள்ளிப் பற்றாசு,
இந்த நிறம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.
அரத்தின் கீறல்கள் சாய்ந்த விதத்தில்
இடது கைக்காரர்.

வேலை சுத்தம். ஆனால் மெருகில்லை.
ஓரம் சொரசொரவென்று அப்படியே விட்டுவிட்டார்.
என் பயிற்சிக்காரப் பெண் இப்படிச் செய்திருந்தால்
திருப்பிக் கொடுத்திருப்பேன்.
ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி
இந்த ஊர்ச் சுவர்களில் தாள் ஒட்டிய காலம் ஒன்று உண்டு.
மெருகு மோட்டாரின் இரைச்சல்
அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.
அதனால்தானோ.

என் மோட்டாரைப் போட்டேன்.
ஏனோ நிறுத்தினேன்.
கையாலேயே அரம், இரண்டே இழுப்பு.
அவருடைய வெள்ளியைத் தொடவில்லை.
தண்டவாளத்தில் ஒரு சொட்டு எண்ணெய்,
வழிந்ததைத் துடைத்துப் பூட்டி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு
நான்காவது போனது, வட்டத்துக்குள்ளேயே.
வ்ராதிஸ்லாவ் தொப்பியைத் தூக்கினார்.

இப்போது ஐந்தாவது சிக்குகிறது.