பசை காயும் முன்

புளியரை பஸ் நிறுத்தத்துச் சுவரில்
எட்டுக்கு நாலில் ஒரு பலகை.
மரக்கடை பீர்முகம்மது மிச்சத்தில் தந்தது,
ஆணிக்கு மட்டும் நாங்கள் காசு போட்டோம்.
குழாயில் தண்ணீர் எப்போது,
மலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடுமா,
யாருக்கு ஓ பாசிட்டிவ் வேண்டும்,
கோட்டைவாசல் பக்கம் வழிதவறிய செவலைக் கன்று
யாருடையது.
அதற்குத்தான்.

முதலில் வந்தவன் மூலத்துக்கு மருந்து சொன்னான்.
ஒட்டிவிட்டுப் போனான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ,
மறுவாரம் பௌத்திரமும் சேர்ந்துகொண்டது.

பிறகு அரை மணியில் கடன்.
வீட்டிலிருந்தே மாதம் நாற்பதாயிரம்.
இந்தப் பக்கம் விற்கவே கூடாத
பம்பர் சீட்டு, சிரிக்கும் ஒரு குடும்பத்தோடு.
கன்று கடனுக்கு அடியில் போயிற்று.
ரத்தம் கேட்ட தாளில்
‘அவசரம்’ மட்டும் தெரிந்தது.
எதற்கு அவசரம் என்பதன் மேல்
ஒரு ஜோசியர் உட்கார்ந்திருந்தார்.

‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று
சிவப்புப் பெயிண்டில் எழுதினோம்.
அதன் மேலேயே ஒட்டினார்கள்.
எல்லோரும் பார்க்கிற இடமாம்.

சலூன் இசக்கிப்பாண்டி
எண்ணுக்குப் போன் போட்டுத் திட்டினார்,
வாய் வலிக்கிற வரைக்கும்.
மறுநாள் அவர் கடைக் கதவில் இரண்டு ஒட்டியிருந்தது.
திட்டினாலும் படித்திருக்கிறார் அல்லவா.

அதற்குப் பிறகுதான் நான் நாலு மணிக்கு எழுந்தது.
மூன்று மணிக்கு வருவான், டிவிஎஸ் வண்டியில்.
தென்காசி முதல் பஸ் நாலே முக்கால்.
சாரல் காலம், பசை லேசில் காயாது.
ஒரு வாளி, ஈரத் துணி,
என் கடைத் தோசைத் திருப்பி.
சண்டை இல்லை. சாபம் இல்லை.
பஸ்ஸின் வெளிச்சம் திரும்பி விழும்போது
பலகையில் பலகை மட்டும்.
ஒரு கண்ணும் படாத தாளுக்கு
அவன்தானே பெட்ரோல் போடுகிறான்.
கணக்குத் தெரிந்தவன்.
பதினெட்டாம் நாள் வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால்
என்னைப் பற்றி நல்லதாக ஒன்று மிஞ்சியிருக்கும்.

இருபத்திரண்டாம் நாள் புதிதாக ஒரு தாள்.
மலையாள எழுத்து, எனக்குப் படிக்க வராது.
சுருள்முடிப் பையன் முகம்.
முடி வளரும் எண்ணெய்க்காரர்களும்
இப்படித்தான் ஒரு தலையைப் போடுவார்கள்.
திருப்பியைக் கீழிருந்து கொடுத்தேன்.
கை பழகியிருந்தது.

ஆறு மணிக்கு டீ குடிக்க நின்ற
புனலூர் லாரிக்காரர் வர்க்கிச்சன்
வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.
‘இது விளம்பரமில்லை அக்கா.
பையனைக் காணோம். ஆரியங்காவு.’

வடைத் தட்டைக் கவிழ்த்து
அதன் மேல் துண்டுகளைச் சேர்த்தோம்.
காது கிடைத்தது. சட்டை கிடைத்தது.
எண்ணில் ஒன்பது இலக்கம் கிடைத்தது.
கடைசி ஒன்று என் துணியோடு போய்விட்டது.

பூஜ்யத்தில் தொடங்கினேன்.
‘லோன் வேண்டாம்’, வைத்தார் ஒருவர்.
ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
இரண்டில் பெயர் கேட்டதும் கெட்ட வார்த்தை.
நாலில் ஒரு பெண்,
‘உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?’
ஐந்தில்
மூச்சை இழுப்பதற்குள் துண்டித்தார்கள்.
நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

ஏழில் ஒரே மணியில் எடுத்தார்கள்.
‘ஆராணு? மோனே கண்டோ?’
நான் பார்க்கவில்லை.
பார்த்திருக்கக்கூடியவர்களையும்
பார்க்க விடவில்லை.
அதை எந்த மொழியில் சொல்வது.
‘அந்த நோட்டீஸ் இன்னும் பத்து கொடுங்கள்,
நானே ஒட்டுகிறேன்’ என்றேன்.

இப்போதும் நாலு மணிக்கு எழுகிறேன்.
ஜோசியர் திரும்ப வந்திருக்கிறார், புது போட்டோவோடு.
வாளியில் ஒரு டார்ச் சேர்ந்திருக்கிறது.
மலையாளத்தில் இருந்தால்
வர்க்கிச்சன் லாரி வரும்வரை
கை வைப்பதில்லை.
எண்ணெயாகவே இருந்தாலும்
இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சுருள்முடிப் பையன்
நடுப்பலகையில் இருக்கிறான்.
அவனைச் சுற்றி
நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன்.