டி ஐந்து

பதினெட்டாவது நகர்த்தலுக்குப் பிறகு
அந்த அறையில் யாருக்கும் அவசரமில்லை.
கியூம்ரி ரயில்வே கழகத்தின் மாடி.
ஹீட்டர் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.
எதிரே வார்த்கெஸ், ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்,
நகக்கண்ணில் இன்னும் மாவு.

நான் நகரக் குடிநீர் அலுவலகத்தில்
குழாய் வரைபடம் பார்க்கிறவள்.
தெருவின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது.
குழாய் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.
அந்தப் பழக்கமோ என்னவோ
பலகையில் ராணியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.
முதலில் சிப்பாய்கள்.
குதிரை போன வழியே திரும்பலாம்,
யானைக்கு நாலு பக்கமும் ரோடு.
சிப்பாய் எடுத்து வைத்த அடியை
எந்த ராஜாவும் திருப்பி வாங்க முடியாது.

ஏழாவது நகர்த்தலிலேயே
ஈ-ஐந்தில் ஒரு சிப்பாயை ஊன்றியிருந்தார்,
கொஞ்சம் தெனாவெட்டாக.
அப்போதே டி-ஆறு பின்தங்கிவிட்டது.
ஒரு பக்கத்துத் தோழன் முன்னே போய்விட்டான்,
இன்னொரு பக்கத்தவன் எப்போதோ வெட்டுப்பட்டவன்.
அதற்கு முன்னால்
டி ஐந்து.
வெறும் வெள்ளைக் கட்டம்.
இனி அவருடைய ஒரு சிப்பாயும் அதைத் தொட முடியாது.

அங்கே ஒரு குதிரையை நிறுத்த வேண்டும்.
இவ்வளவுதான் என் திட்டம்.

அதற்காக
என் கறுப்புக் கட்ட மந்திரியைக் கொடுத்து
எஃப்-ஆறில் நின்ற அவர் குதிரையை வாங்கினேன்.
முதல் பலகையில் ஆடும் அனுஷவான் எட்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.
வெள்ளைக் கட்ட மந்திரிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
பெட்டிக்குள் போயின.
மற்ற குதிரைகளும் போயின.
மிஞ்சியது அவருடைய ஒரே மந்திரி,
தன் சிப்பாயின் முதுகையே
பார்த்துக்கொண்டிருக்கும் மந்திரி.

டி-இரண்டில் என் குதிரை.
சி-நான்கு வழியாகப் போனால் மேல்.
அங்கே அவர் பி-ஐந்து சிப்பாய் வாள் வைத்திருக்கிறது.
ஆகவே சுற்று வழி:
எஃப்-ஒன்று, ஈ-மூன்று, டி-ஐந்து.
முதல் அடியே பின்னோக்கி.
வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினேன்.

இருபத்திரண்டு நிமிடம்.
எழுந்து போய்த் தேநீர் வாங்கினார்,
குடிக்கவில்லை.
சன்னலோரம் நின்று பனி பார்த்தார்.
தோற்கப் போகிறவர்கள் இப்படி உலாவுவதை
நிறையப் பார்த்திருக்கிறேன்.

வந்து உட்கார்ந்து
டி-ஆறை டி-ஐந்துக்குத் தள்ளினார்.

அந்த நோஞ்சான் சிப்பாயை.
நேரே என் வாய்க்குள்.
எடுக்காமலும் முடியாது.
ஈ-நான்கால் எடுத்தேன்.
கூடவே அவருடைய ஈ-ஐந்து
ஈ-நான்குக்கு ஒரு அடி வைத்தது.
மந்திரிக்கு முன்னால் இருந்த முதுகு விலகிற்று.
எஃப்-ஆறிலிருந்து என் பி-இரண்டு வரை
ஒரே வெளிச்சம்.

பதிமூன்று நகர்த்தலாய்
நான் காலி செய்து பெருக்கி வைத்த வீட்டில்
என் சொந்தச் சிப்பாயே குடியேறி நின்றது.
குதிரை ஈ-மூன்றுக்கு வந்து
அதன் வாசலைப் பார்த்தது.
ஒரு சிப்பாய் எனக்குக் கூடுதல்.
எண்ணிப் பார்த்தால் மட்டும்.

ஐம்பத்து மூன்றில் சமன்.
தாளில் கையெழுத்துப் போட்டபடி சொன்னார்:
"ஸாருஹி, குதிரை எஃப்-ஒன்றில் இருந்த
அந்த ஒரு நகர்த்தல்தான் எனக்கு இருந்தது.
அடுத்ததில் முடிந்திருக்காது."
நாலு மணிக்கு ரொட்டி ஏற்ற வேண்டுமாம்.
ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நடந்து வீடு திரும்பினேன்.
கறுப்புக் கல் வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில்,
எங்கள் வரைபடத்தில் குழாயே இல்லாத மூலையில்,
பனிக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து
ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
ஆட்டத் தாளைத் திருப்பி
வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன்.