எண்பத்து மூன்றாவது நிமிடம்

மாயோ தீவில் எங்கள் கரைக்கு
ஒரே தொலைக்காட்சி, ஒந்தினாவின் மதுக்கடையில்,
கடலைப் பார்த்த வராந்தாவில்.
அன்று இறுதியாட்டம். ஊரே அங்கே.
ரோந்து என் முறை:
சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்,
ஈரம் குடித்த நோட்டு.

அவள் ஏறி வந்தாள்,
ஓடெல்லாம் கொட்டலசு ஒட்டிய பெருந்தலை ஆமை.
பாதி மணலில் நின்று
கடை வெளிச்சத்தைப் பார்த்தாள்.
இன்னும் கொஞ்சம் பார்த்தால்
திரும்பிவிடுவாள்.

போனை எடுத்தது செலஸ்தீனு.
ஐந்து வருஷம் முன்
இதே மணலில் ஆமைகளை மல்லாக்கப் புரட்டி
கிலோ கணக்கில் விற்றவன்.
"இப்பவா சுல்மீரா? எண்பத்து மூணாவது நிமிஷம்!"
"இப்பத்தான்."
கெட்ட வார்த்தை நாலைந்து.
நாற்காலி இழுபடும் சத்தம்.
இருட்டு.

அவளுக்கு அவசரமே இல்லை.
பின்துடுப்பில் ஒன்று பாதிதான்,
சுறாவோ வலையோ.
அதன் முறை வரும்போதெல்லாம்
அந்தக் குறைத்துடுப்பும் குனிந்து
காற்றை அள்ளிக் கொட்டியது.

திடீரென்று
பக்கத்து ஊரிலிருந்து ஆரவாரம்.
யார் போட்ட கோல்?
எங்கள் வராந்தாவில் நாற்பது பேர்,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நூற்றுப் பதினொன்று என்று எழுதினேன்.

அவள் அலைக்குள் போன பிறகு
செலஸ்தீனு வெறுங்காலோடு இறங்கி வந்தான்.
புளியங்கொப்பு ஒன்றை ஒடித்து வந்திருந்தான்.
தண்ணீர் விளிம்புவரை
அவள் தடத்தைக் கூட்டிக் கூட்டி அழித்தான்,
எங்கே தேடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்,
"பெனால்டியாத்தான் இருக்கும்,
பெனால்டியாத்தான் இருக்கும்" என்று
முணுமுணுத்துக்கொண்டே.