ஒண்ணும் செய்யாது

ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும்
கேட்டைத் தொடுமுன் கேட்பது ஒன்றுதான்:
"நாய் கடிக்குமா?"
மாடியில் நின்று ஈரத்துணியை உதறிக்கொண்டே
ஆறு வருஷமாய் நான் சொன்னதும் ஒன்றுதான்:
"ஒண்ணும் செய்யாது, வாங்க."

சிப்பிப்பாறைத் தாய்க்கும்
ஊர்பேர் தெரியாத தகப்பனுக்கும் பிறந்தது.
வெள்ளை என்பதால் பவுடர்.
காலையில் கொண்டியை நீக்கிவிட்டால்
அதுவாகப் போகும், அதுவாக வரும்.
எங்கே போனது, எவர் வாசலில் காலைத் தூக்கியது
என்பதெல்லாம் தெருவின் கணக்கு.
துளசிராம் வீட்டம்மா கோலத்தைச் சுற்றி
ஒருநாள் செங்கல் அடுக்கியிருந்தாள்.
அழகுக்கு என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
சிலிண்டரைத் தோளில் ஏற்றி ஒச்சப்பன் உள்ளே வந்தார்.
தோளில் பாரம் இருப்பவர் ஓட முடியாது.
காலை உதறவும் முடியாது.
கெண்டைக்காலில் நான்கு துளை.
அப்போதும் சிலிண்டரை அவர் போடவில்லை,
இறக்கி வைத்தார்,
தரை ஓடு உடைந்துவிடக் கூடாதென்று.

குழாயடியில் கால்மணி நேரம்
சோப்பும் ரத்தமுமாய்க் கழுவி,
ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து,
செல்லூர் பாலத்து நெரிசலில் ஊர்ந்து
பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.
சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்:
"தெரு நாயா, வீட்டு நாயா?"
வீட்டு நாய் என்றேன்.
"ஊசி போட்டிருக்கா?"

பிரிட்ஜின் மேல் கிடக்கிறது பவுடரின் தடுப்பூசிப் புத்தகம்.
முதல் பக்கத்தில் குட்டியாய் இருந்தபோது எடுத்த போட்டோ.
இரண்டு வருஷமாய் எந்த முத்திரையும் விழாத பக்கங்களில்
என் கையெழுத்தில் பால் கணக்கு.
தல்லாகுளத்தில்தான் கால்நடை ஆஸ்பத்திரி.
கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஜவுளிக்கு என்று
எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

கேள்வி இன்னும் கவுண்டரில் நின்றது.
ஒச்சப்பன் என் முகத்தைப் பார்த்தார்.
"போட்டிருப்பாங்க சார்" என்றார்,
எனக்காக.
"இல்லை" என்றேன்.

அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.
ஊசி இலவசம்.
வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி.
பணத்தை நீட்டினேன்.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"அத அடிச்சீங்களாக்கா?
அடிக்காதீங்க. கேட்டத் தொறந்து வச்சது அது இல்லைல."

பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனியுங்கள் என்றார்கள்.
தண்ணீர் குடிக்கிறதா, பாருங்கள் என்றார்கள்.
பத்து விடியலிலும்
அலுமினியச் சட்டியருகே குத்தவைத்து உட்கார்ந்து
அந்த நாக்கின் சத்தத்தைக் கேட்டேன்.
சளப், சளப், சளப்.
நான்கு துளைகளும்
அந்தச் சத்தத்தில்தான் ஆறிக்கொண்டிருந்தன.
இடையில் அது நிமிர்ந்து வாலை ஆட்டும்போதெல்லாம்
"குடிடா, குடி" என்று கெஞ்சினேன்.

இப்போது கொண்டிக்கு வெல்டிங் வைத்தாயிற்று.
புத்தகத்தில் நீல முத்திரை.
விடியலில் ஒரு கையில் வார், மறு கையில் பழைய பேப்பர்;
அது குந்துகிற இடத்தில் நானும் குனிகிறேன்.
துளசிராம் வீட்டம்மா பார்த்தாள். சிரிக்கவில்லை.
செங்கல்கள் அப்படியே இருக்கின்றன.

ஒச்சப்பன் வெளியிலேயே நின்று
ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டுவார். டங்.
உள்ளே வாங்க என்று நான் சொல்வதில்லை.
நானே போய் உருட்டி வருகிறேன்,
இவ்வளவு கனமா என்று மாதாமாதம் வியந்தபடி.

நேற்று ஒரு கூரியர் பையன் கேட்டருகில் தயங்கினான்.
"கடிக்குமாக்கா?"

"பல்லு இருக்கு தம்பி.
நில்லுங்க, பிடிச்சுக்கிட்டு வர்றேன்."