கார்பன் பிரதி

பக்கத்துக்கு நாலணா. கார்பன் என்னுடையது.
பெட்ஃபோர்டு முக்கில், மாடியில் என் தட்டச்சு நிலையம்.
கீழே பேக்கரி. வர்க்கி வேகும் சூடு
பலகை இடுக்கில் ஏறிவந்து
என் கால்விரல்களை மட்டும் காப்பாற்றும்.

ஏர் வைஸ் மார்ஷல் ஹாலம்
குடையை வாசலில் உதறிவிட்டுத்தான் படியேறுவார்.
முறிந்த குடைக்கம்பியைச்
செப்புக் கம்பியால் அவரே கட்டியிருந்தார்,
விமானம் ஒன்றைக் கட்டுகிற கவனத்தோடு.
சுகிர்தம் என்கிற என் பெயர்
அவர் வாயில் 'சுக்ரிடம்' ஆகிவிடும்.
சுக்கிரனிடம் என்ன கேட்கப் போகிறாரோ
என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தொன்பது வயதில் துணி இறக்கையில் ஏறியவர்.
பிரான்சு வானத்தில் இரண்டு முறை எரிந்து விழுந்தார்.
என்மேல் ஒருமுறைகூட எரிந்து விழுந்ததில்லை.
இரண்டு விழுதலையும்
அரைப் பக்கத்தில் முடித்திருந்தார்.
அப்புறம் பதவிகள்.
ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன்.
பதவி ஏற ஏற வாக்கியம் நீண்டது,
வானம் குறைந்தது.
நாற்பத்தொன்றில் அவர் பறக்கவே இல்லை.
மேசையில் வரைபடம், அதில் ஊசிகள்.
பையன்கள் பறந்தார்கள். திரும்பாதவர்களுக்கு
ஊசியைப் பிடுங்கினாலே போதுமாக இருந்தது.
பதக்கங்களுக்குத் தனிப் பக்கம்,
நட்டநடுவில் வரவேண்டும் என்றார்.
எழுத்தெண்ணி நடுவில் வைத்தேன்.

ஏழாம் அத்தியாயம்தான் நான்கு முறை திரும்பி வந்தது.
இருபத்தைந்தாம் வருஷம், வடமேற்கு எல்லை, ஒரு பள்ளத்தாக்கு.
முதலில் ஊருக்குப் பெயர் இருந்தது.
அடுத்த தடவை 'ஒரு குடியிருப்பு'.
பிறகு 'இலக்கு'.
அதற்கு அடுத்த வரி மட்டும்
ஒருபோதும் மாறவில்லை:
முந்தின நாளே துண்டுத்தாள் போட்டு எச்சரித்தோம்.

அன்றைக்கு மூடுபனி சன்னல் வழியே வந்து
பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.
ரிப்பன் ஈரத்தில் எழுத்தெல்லாம் மீசை வைத்துக்கொண்டன.
குடையிடம் கேட்பதுபோல் கேட்டார்:
உங்கள் ஊரில்
வானத்திலிருந்து ஒரு தாள் விழுந்தால்?

எங்கள் எஸ்டேட் லைனில் நாற்பத்தெட்டு வீடு.
வாசிக்கத் தெரிந்தவர் கோயில்பிள்ளையான என் அப்பா ஒருவர்.
சந்தை நாளென்றால் அவரும் இருக்கமாட்டார்.
பிள்ளைகள் கப்பல் செய்யும்.
அம்மா அடுப்புக்கு எடுப்பாள்.
நல்ல தாளா, என்று கேட்டேன்.
நல்ல தாள்தான், என்றார்.
அப்படியென்றால் பலகாரம் மடிக்க
எடுத்து வைத்துக்கொள்வோம் சார்.

சிரித்தேனா? சிரித்திருப்பேன். இருபத்திரண்டு வயது.

ஏழாம் அத்தியாயத்தை மடித்துக்
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.
நான்கு முறைக்கும் காசு கொடுத்தார், ஓரணா குறையாமல்.
அதன்பின் ஆறுக்கு அடுத்து எட்டு வந்தது.
எண்ணை மாற்றட்டுமா என்றேன்.
இருக்கட்டும், என்றார்.
படியிறங்கும்போது குடையை விரிக்கவில்லை.
வெளியே மழை.

மூன்றாம் வருஷம் டைகர் ஹில் கல்லறையில் இறக்கினோம்.
பெட்டிமேல் போர்த்தக் கொடி கேட்டு
வெலிங்டனுக்கு ஆள் போனது.
எந்தக் கொடி என்று அங்கே குழப்பம்.
கடைசியில் சமையல்காரர் போஜன்
அவருடைய கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார்.
மதராசிலிருந்து வக்கீல் வந்து
மேல்பிரதியை வாங்கிப் போனார்.
லண்டனில் அச்சாகிவிட்டதாம்,
ஏழு இல்லாமல்,
எண்களைச் சரிசெய்து.

கார்பன் என்னுடையது.
தகர டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டைகளோடு
நான்கு ஏழாம் அத்தியாயங்கள் கிடக்கின்றன.
முதலாவதில் அந்த ஊரின் பெயர்
நீலமாக, கொஞ்சம் பரவி.
கனத்த பெயர். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய எழுத்து ஒன்று
எனக்கு வரவே மாட்டேனென்கிறது.
மழைநாளில் எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.
அந்த ஊர்க்காரர் யாராவது மிச்சம் இருந்து
இதைக் கேட்டால்
என்ன நினைத்துக்கொள்வாரோ.