பெயரில்லா ஆமை

காரைக்குடி, செக்காலை ரோடு, இரண்டாம் மாடி.
மின்விசிறி இரண்டில் நிற்கிறது, மூன்றுக்குப் போகாது.

பூட்டிய வீடுகளைப் பராமரிக்கும் நிறுவனம்.
சொந்தக்காரர்கள் கோலாலம்பூரிலும் கோவையிலும்.
நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு அட்டை,
திரையில் மூன்று பத்தி:
செய்யணும், நடக்குது, முடிஞ்சது.

என்னைத் தணிக்கைக்கு அழைத்திருக்கிறார்கள்.
கடவுச்சொல் போடாமல், ஊர்பேர் தெரியாத ஒருத்தியாக
ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும்.
திறந்தால் எழுதிக்கொள்ள வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

பதினாறில் பதினைந்து
முகத்தில் அறைந்து சாத்தின.
பதினாறாவது, யார் என்றுகூடக் கேட்கவில்லை.

பள்ளத்தூர் 7: சித்திரை வரை ஆள் இல்லை. தூம்பு அடைப்பு.
கானாடுகாத்தான் 3: பின்வாசல் தாழ்ப்பாள் போச்சு, கயிறு கட்டியிருக்கு.
கொத்தமங்கலம் 11: சாவி தையல் கடையில். கேட்டால் தருவார்.
கோட்டையூர் 2: தம்பிக்குத் தெரிய வேண்டாம், வழக்கு நடக்குது.

இந்த ஊரில் முதல் வாசலில் நின்றால்
கடைசி வாசல் வழியே அடுத்த தெரு தெரியும்.
அது கட்டியவன் போட்ட கணக்கு. காற்றுக்கு.
வேண்டாதபோது சாத்த
நிலைக்கு நிலை தேக்குக் கதவு உண்டு.
கல்யாணத்தில் சாமான் பரப்பும்போதும்
யார் பார்க்கப் பரப்புகிறோம் என்று தெரியும்.
இங்கே பரப்பியது யார்,
பதினான்கு மாதமாக?

தீவிரம்: உச்சம்.
காரணம்: தற்செயல்.
மூடப் போனேன்.
திரையின் மூலையில் ஒரு பச்சை வட்டம் முளைத்தது.
பெயரில்லா ஆமை, என்றது.

இரவு ஒன்பது ஐம்பது.
யாரோ என்னோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
ஆமை பள்ளத்தூர் அட்டையில் நின்றது.
கானாடுகாத்தானுக்கு ஊர்ந்தது.
கயிறு கட்டிய தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை,
இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்.
நான் மூச்சை அடக்கினேன், கேட்டுவிடும் போல.

ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும்
உருப்படாது என்பார்கள்.
அன்றிரவு இரண்டு பேரும் ஒரே பலகையில்.

சொடுக்கினேன். அழைக்கப்பட்டவர்கள் மட்டும்.
ஆமை அணைந்தது.
பரோட்டா வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போய்த் தூங்கினேன்.
நன்றாகவே தூங்கினேன்.

காலை எட்டு மணிக்குப் படியேறி வந்தார் சாத்தையா.
கூரைத் தூம்பு அடைப்பெடுப்பவர்.
ஏணி கீழே, மொபெட்டில் கட்டியபடி.
"அந்தப் பலகை வரமாட்டேங்குது மேடம்.
ராத்திரி பாத்துக்கிட்டே இருக்கேன், பட்டுனு போயிருச்சு.
தாழ்ப்பாளுக்கு எத்தனை இஞ்சு போல்ட்டுன்னு
யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

மேலாளர் சொர்ணலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
பத்துப் பேருக்கு மேல் போனால்
தலைக்கு மாதம் எண்ணூறு ரூபாயாம்.
சாத்தையா பதினோராவது ஆள்.

தற்செயலை அழித்தேன்.
பட்டியலை இறக்கிப் பார்த்தேன்.
அறியாமை. ஊடுருவல். மென்பொருள் பிழை. மற்றவை.
மற்றவை என்று போட்டு, பக்கத்தில்
ரூ. 800 என்று மட்டும் எழுதினேன்.
சொர்ணலிங்கம் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப இன்னைக்கு எந்த வீடு?" என்றார் சாத்தையா
யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

நாற்பத்தொரு அட்டையும் எனக்கு மனப்பாடம்.
நான் மூட முடியாத பலகை அது ஒன்றுதான்.

"பள்ளத்தூர் ஏழு" என்றேன்.
"போல்ட்டு நாலு இஞ்சு வாங்குங்க."